பெரிய பேட்டரி போட்டால் சரியாகிவிடுமா? பழைய பைக்குகளின் பேட்டரியும் சார்ஜிங்கும்

சென்னையில் பழைய பைக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தப் பேச்சை எப்போதாவது கேட்டிருப்பார்கள். காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. ஹார்ன் முனகுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "பேட்டரி வீக் சார். இதுல அஞ்சு ஆம்ஸ்தான் இருக்கு. ஒன்பது ஆம்ஸ் போட்டுடலாம், பவர் நல்லா இருக்கும்" என்கிறார். பக்கத்தில் நிற்பவர், "ஐயோ, பெருசு போட்டா காயில் எரிஞ்சிடும்ணா" என்கிறார். இன்னொருவர், "ஹெட்லைட் டல்லா எரியுது பாருங்க, அதுக்கும் பேட்டரிதான் காரணம்" என்கிறார்.

இந்த மூன்று பேச்சும் பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தாது. இவற்றை நம்பி இரண்டு வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றியவர்கள் இருக்கிறார்கள். பணம் போவதோடு, உண்மையான கோளாறு உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் பேட்டரியின் அளவு என்பது என்ன, வண்டிக்குள் சார்ஜ் எப்படி ஏறுகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். எலக்ட்ரிக்கல் எதுவும் தெரியாதவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்

மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே சம்ப், அதிலிருந்து ஏற்ற ஒரு மோட்டார். வீட்டுக் குழாய்கள் எல்லாம் தொட்டியிலிருந்து எடுக்கின்றன. மோட்டார் மணிக்கு 500 லிட்டர் ஏற்றுகிறது, வீடு மணிக்கு 600 லிட்டர் செலவழிக்கிறது என்றால் தொட்டி என்றைக்காவது காலியாகத்தான் செய்யும். 500 லிட்டர் தொட்டி 5 மணி நேரத்தில் காலியாகும், 1000 லிட்டர் தொட்டி 10 மணி நேரத்தில் காலியாகும். தொட்டியைப் பெரிதாக்கியதால் மோட்டார் ஒரு சொட்டுகூட அதிகம் ஏற்றப் போவதில்லை.

அதே சமயம், தொட்டி பெரிது என்பதற்காக மோட்டார் எரிந்துபோகவும் போவதில்லை. நேற்று 200 லிட்டர் செலவானால் இன்று 200 லிட்டர் ஏற்றினால் போதும். தொட்டி எந்த அளவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

பைக்கில் பேட்டரிதான் தொட்டி. இன்ஜினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் காயில்தான் மோட்டார். ஹெட்லைட், ஹார்ன், இண்டிகேட்டர், பிளக்கில் பொறி உண்டாக்கும் இக்னிஷன் எல்லாம் குழாய்கள். பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, வைத்திருந்து கொடுக்கிறது.

வோல்ட், ஆம்பியர், ஏ.ஹெச்.

வோல்ட் என்பது அழுத்தம், அதாவது தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. ஆம்பியர் என்பது ஒரு நேரத்தில் ஓடும் அளவு. வாட் என்பது இரண்டையும் பெருக்கினால் வருவது. 12 வோல்ட் வண்டியில் 55 வாட் ஹெட்லைட் பல்பு எரிந்தால் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் ஓடுகிறது.

பேட்டரியின் பக்கவாட்டில் 5, 7, 9, 14 என்று போட்டிருப்பது ஆம்பியர் இல்லை. அது ஆம்பியர்-அவர், சுருக்கமாக ஏ.ஹெச். தொட்டியின் லிட்டர் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எல்லோரும் "அஞ்சு ஆம்ஸ்", "ஒன்பது ஆம்ஸ்" என்றே கேட்கிறார்கள், கடைக்காரருக்கும் புரிந்துவிடுகிறது. ஆனால் ஒன்பது ஆம்ஸ் பேட்டரி போட்டால் ஒன்பது ஆம்பியர் பாய்ந்து ஏதோ எரியும் என்ற பயம் இங்கேதான் பிறக்கிறது. பல்பு தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். 5 ஏ.ஹெச். பேட்டரியிலும் 14 ஏ.ஹெச். பேட்டரியிலும் அந்த 55 வாட் பல்பு இழுப்பது அதே நாலரை ஆம்பியர்தான்.

பைக் பேட்டரிகளின் ஏ.ஹெச். பொதுவாக 10 மணி நேரக் கணக்கில் அளக்கப்படுவது. 5 ஏ.ஹெச். என்றால் அரை ஆம்பியர் வீதம் எடுத்தால் 10 மணி நேரம் தரும். அதையே 5 ஆம்பியராக எடுத்தால் ஒரு முழு மணி நேரம் வராது. வேகமாக எடுக்க எடுக்க மொத்தமாகக் கிடைப்பதும் குறையும். ஈய-அமில பேட்டரியின் இயல்பு அது.

உள்ளே இருப்பது ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும். ஒரு அறைக்கு, அதாவது ஒரு செல்லுக்கு, சுமார் 2.1 வோல்ட். ஆறு செல் சேர்ந்தால் 12.6. மூன்று செல் என்றால் 6.3, அதைத்தான் 6 வோல்ட் பேட்டரி என்கிறோம்.

இதுவரை பார்த்தது: வோல்ட் அழுத்தம், ஆம்பியர் ஓட்டம், ஏ.ஹெச். கொள்ளளவு. கொள்ளளவு கூடினால் ஓட்டம் கூடாது, வண்டியின் உற்பத்தியும் கூடாது.

இன்ஜினுக்குள் சார்ஜ் எங்கிருந்து வருகிறது

இன்ஜினின் முக்கியச் சுழல் அச்சான கிராங்க் ஷாஃப்டின் முனையில் காந்தங்கள் பதித்த ஒரு சக்கரம் சுற்றுகிறது. மெக்கானிக்குகள் அதை மேக்னெட் என்பார்கள். அதன் அருகே அசையாமல் செப்புக் கம்பிச் சுற்றுகள் இருக்கின்றன. அதுதான் காயில், புத்தகப் பெயர் ஸ்டேட்டர். காந்தம் காயிலைக் கடந்து ஓடும்போது கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. இன்ஜின் வேகம் கூடினால் உற்பத்தியும் ஓர் எல்லைவரை கூடும். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, கொஞ்சம்தான்.

இப்படிப் பிறப்பது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், அதாவது ஏ.சி. பேட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் டி.சி. வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வது ரெக்டிஃபயர். வேகம் கூடும்போது வோல்டேஜ் எகிறாமல் 14, 14.5 வோல்ட்டில் பிடித்து நிறுத்துவது ரெகுலேட்டர். 12 வோல்ட் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டும் ஒரே அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும். ஆர்.ஆர். யூனிட் என்று கேட்டால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் எடுத்துத் தருவார்கள்.

மாடித் தொட்டியில் மிதவை வால்வு செய்வதைத்தான் ரெகுலேட்டர் செய்கிறது. பேட்டரி காலியாக இருந்தால் வேகமாக ஏறும். நிரம்ப நிரம்ப ஓட்டம் தானாகக் குறையும். நிரம்பிய பேட்டரி 14 வோல்ட்டில் மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். பெரிய பேட்டரி போட்டால் காயில் எரியும் என்ற பயத்துக்கு இதுவே பதில். எவ்வளவு பெரிய பேட்டரி கேட்டாலும், காயிலால் அந்த வேகத்தில் கொடுக்க முடிந்ததைத்தான் கொடுக்கும்.

சிக்னலில் நிற்கும்போது நடப்பது

விஷயத்தின் மையம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வார்ப்பிரும்பு இன்ஜின் காலத்துப் புல்லட் யாரிடமாவது இருந்தால் ஹெட்லைட் தலைப்பகுதியில் ஒரு சின்ன அம்மீட்டர், அதாவது ஆம்பியர் காட்டும் மீட்டர், இருப்பதைப் பார்க்கலாம். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்த வண்டிகளில் வருடக்கணக்காக இருந்த கருவி அது. பலர் அதை அலங்காரம் என்றே நினைத்தார்கள். இரவில் ஒரு சிக்னலில் நின்றபடி அதைக் கவனியுங்கள். ஹெட்லைட் எரிய ஐட்லிங்கில் நிற்கும்போது முள் கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கும். இண்டிகேட்டர் போட்டால் ஒவ்வொரு மின்னலுக்கும் முள் துடிக்கும். பிரேக் மிதித்தால் இன்னும் கீழே போகும். பச்சை விழுந்து வண்டி வேகம் எடுத்ததும் முள் மெல்ல நடுவைத் தாண்டிக் கூட்டலுக்கு வரும். சிக்னலில் பேட்டரியிலிருந்து போகிறது, ஓட்டத்தில் திரும்ப வருகிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஹெட்லைட் நாலரை ஆம்பியர், டெயில் லைட்டும் மீட்டர் பல்பும் சேர்ந்து அரை, இக்னிஷன் 2. மொத்தம் 7. சிக்னலில் பிரேக் மிதித்தால் 21 வாட் பல்புக்கு ஒன்றேமுக்கால், இண்டிகேட்டருக்குச் சராசரியாக முக்கால். ஆக ஒன்பதரை. ஐட்லிங்கில் காயில் 4 ஆம்பியர் தருகிறது என்றால் மீதி ஐந்தரையைப் பேட்டரிதான் போட வேண்டும்.

பூந்தமல்லியிலிருந்து பாரிமுனைக்கு மாலையில் வருகிறீர்கள். எல்லா சிக்னலும் நெரிசலும் சேர்த்து 20 நிமிடம் இப்படி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். ஐந்தரை ஆம்பியர் வீதம் 20 நிமிடத்துக்குப் போவது சுமார் 1.8 ஏ.ஹெச். மீதி 25 நிமிடம் ஓடும்போது காயில் 10 ஆம்பியர் தருகிறது, செலவு 7, மிச்சம் 3. 25 நிமிடத்தில் திரும்ப ஏறுவது 1.25 ஏ.ஹெச். சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பைக் கணக்கில் எடுக்காமலே, வீடு சேரும்போது 0.55 ஏ.ஹெச். குறைவு.

காலையில் ஹெட்லைட் போடாமல் அதே வழியில் போனால் இந்தக் குறை எளிதாக நிரம்பிவிடும். பெரும்பாலான வண்டிகள் இப்படித்தான் பிழைத்துப் போகின்றன. ஆனால் ஓ.எம்.ஆர். பக்கம் இரவு ஷிஃப்ட் போகிறவர், மாலையில் மட்டும் டெலிவரி ஓட்டுகிறவர் வண்டிக்குப் பகல் ஓட்டம் இல்லை. ஒவ்வொரு நாளும் 0.55 குறைந்துகொண்டே போகும். 5 ஏ.ஹெச். பேட்டரியில் பாதி தீர நாலைந்து நாள். 9 ஏ.ஹெச். போட்டால் பாதி தீர எட்டு நாள். இவ்வளவுதான் வித்தியாசம். ஒரே மாடல், ஒரே பேட்டரி, ஒருவருக்கு மூன்று வருடம் உழைக்கிறது, இன்னொருவருக்கு ஆறு மாதத்தில் போகிறது என்றால் பேட்டரி கம்பெனியைத் திட்டுவதற்கு முன் வண்டி எப்போது, எங்கே ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

இதே கணக்கில் வழியும் இருக்கிறது. பிரேக் பல்பை 21 வாட்டிலிருந்து 3 வாட் எல்.ஈ.டி.க்கு மாற்றினால் சிக்னலில் ஒன்றரை ஆம்பியர் மிச்சம். 20 நிமிடத்துக்கு அரை ஏ.ஹெச். நாம் பார்த்த குறை கிட்டத்தட்ட அதோடு மூடிவிடுகிறது. பெரிய பேட்டரியால் முடியாததை நூறு, இருநூறு ரூபாய் பல்பு செய்துவிடும். இண்டிகேட்டரையும் எல்.ஈ.டி. ஆக்கினால் அதை மின்னவைக்கும் ஃபிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தாறுமாறாக மின்னும்.

செல்ஃப் அடிப்பதுதான் பேட்டரியைத் தின்கிறது என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. 350 சி.சி. வண்டியின் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியர்வரை இழுக்கும், உண்மைதான். ஆனால் ஒரு விநாடிக்கு. நூறு ஆம்பியர் ஒரு விநாடி என்றால் 0.03 ஏ.ஹெச்.கூட இல்லை. மேலே பார்த்த கணக்கில் ஒரு நிமிட சிக்னலில் ஐட்லிங்கில் நின்றாலே அதைப்போல மூன்று மடங்கு போகிறது. நேரம் காட்டும் நீண்ட சிக்னல்களில் சாவியை அணைத்துவிட்டு நிற்பது பெட்ரோலுக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது, வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிற நிலையில் இருந்தால்.

இதுவரை பார்த்தது: வண்டி நிற்கும்போது பேட்டரி கொடுக்கிறது, ஓடும்போது வாங்குகிறது. கொடுத்தது அதிகமாகவும் வாங்கியது குறைவாகவும் இருந்தால் எந்த அளவு பேட்டரியும் இறங்கும்.

அப்படியானால் அளவு எதற்கு?

அளவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. செல்ஃப் ஸ்டார்ட்டுக்கு அந்த நூறு ஆம்பியரை ஒரு விநாடியில் கொட்டித் தரத் தகட்டுப் பரப்பு வேண்டும். அதனால்தான் கிக்கர் மட்டும் உள்ள 12 வோல்ட் வண்டிகளுக்கு 2.5 முதல் 5 ஏ.ஹெச். போதுமானதாக இருந்தது, செல்ஃப் வைத்த பழைய புல்லட்டுகளுக்கு 14 ஏ.ஹெச். தேவைப்பட்டது. செல்ஃப் வண்டியில் பெட்டிக்குள் நுழைகிறதே என்று சின்ன பேட்டரி போட்டால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அதன் தகடு நோகும்.

கம்பெனி சொன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமா? பெட்டிக்குள் ஆடாமல் உட்கார்ந்தால், வயர் மாட்டும் டெர்மினல்கள் சரியான பக்கம் இருந்தால் போடலாம், கெடுதல் இல்லை. சிக்னல் நெரிசலைக் கூடுதலாக ஒரு மாலை தாங்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒருமுறை முழுக்க இறங்கிவிட்டால் 5 ஏ.ஹெச். பேட்டரியை 3 ஆம்பியர் மிச்சத்தில் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய மீட்கலாம். 14 ஏ.ஹெச். என்றால் ஐந்து மணி நேரமாவது வேண்டும். மயிலாப்பூரிலிருந்து தி.நகர், தி.நகரிலிருந்து மயிலாப்பூர் என்று ஓடும் வண்டிக்கு அந்த ஐந்து மணி நேரம் கிடைக்காது. பாதி நிரம்பியபடியே வாரக்கணக்கில் கிடக்கும்.

அப்படிக் கிடப்பதுதான் பேட்டரியைக் கொல்கிறது. சார்ஜ் இறங்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். நாட்கணக்கில் விட்டால் கெட்டியான படிகமாகி ஒட்டிக்கொள்ளும், பிறகு எளிதில் கரையாது. இதைச் சல்ஃபேஷன் என்பார்கள். வெளியூர் போகும்போது ஒரு மாதம் நிறுத்திவைத்த வண்டியின் பேட்டரி சார்ஜ் போட்டும் பழைய நிலைக்கு வராததற்குக் காரணம் இது. சாவி அணைத்த பிறகும் கசிகிற கோளாறு இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். வெறும் 20 மில்லி ஆம்பியர் கசிவு, ஏதோ ஒரு ஜி.பி.எஸ். கருவியோ மொபைல் சார்ஜர் சாக்கெட்டோ எடுப்பது, ஒரு நாளைக்குச் சுமார் அரை ஏ.ஹெச். பத்து நாளில் 5 ஏ.ஹெச். பேட்டரி காலி. நிறுத்திவைப்பதாக இருந்தால் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

6 வோல்ட் வண்டிகளின் கதை வேறு

இதுவரை சொன்னதெல்லாம் ரெகுலேட்டர் உள்ள வண்டிகளுக்கு. பழைய 6 வோல்ட் வண்டிகள் பலவற்றில் ரெகுலேட்டரே கிடையாது. ஹெட்லைட் ஸ்விட்சைப் போடும்போது கூடுதல் காயில் சேர்ந்துகொள்ளும், அணைத்தால் பிரிந்துவிடும். உற்பத்தியும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி வயரிங்கிலேயே அமைத்துவிட்டார்கள். மீதம் எகிறும் வோல்டேஜை உள்வாங்கி அடக்குவது பேட்டரியின் வேலை.

ஆகவே இந்த வண்டிகளில் பேட்டரியின் அளவு உண்மையாகவே முக்கியம், அதுவும் எதிர்த்திசையில். பெரிதால் ஆபத்து இல்லை, சிறிதால்தான் ஆபத்து. சரியான அளவில் 6 வோல்ட் பேட்டரி கிடைக்கவில்லை என்று எமர்ஜென்சி லைட்டில் வரும் சின்ன சீல் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். வேகமாக ஓட்டும்போது அது தாங்காமல் உப்பிவிடுகிறது. பேட்டரி காய்ந்துபோனாலோ அதன் வயர் கழன்றாலோ பல்புகள் வரிசையாக ஃபியூஸ் போகும். 6 வோல்ட் வண்டியில் பல்பு அடிக்கடி போகிறது என்றால் முதலில் பேட்டரி இணைப்பையும் எர்த்தையும், அதாவது வண்டியின் உடம்போடு சேரும் வயரையும், பாருங்கள்.

பழைய ஜாவா, யெஸ்டியில் இருக்கும் 6 வோல்ட் டைனமோ வேறு வகை. அதில் கார்பன் பிரஷும் தனி ரெகுலேட்டர் பெட்டியும் உண்டு. பிரஷ் தேய்ந்தாலே சார்ஜ் நின்றுவிடும்.

6 வோல்ட்டில் வெளிச்சம் குறைவாக இருப்பதற்குக் கிடைக்கும் வோல்டேஜ் வயரிலேயே தொலைவதும் ஒரு காரணம். அதே வாட்டுக்கு இரு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டியிருப்பதால் துருப்பிடித்த ஒவ்வொரு இணைப்பிலும் இழப்பு அதிகம். சாதாரண இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஹெட்லைட்டுக்குப் புது வயரும் நல்ல எர்த்தும் கொடுத்துவிட்டு ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மாற்றுவது பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். மாற்றுவதென்றால் பேட்டரி மட்டும் இல்லை, பல்புகள், ஹார்ன், ஃபிளாஷர், ரெகுலேட்டர் எல்லாம் மாற வேண்டும்.

ஹெட்லைட் மங்கலுக்குப் பேட்டரி காரணமா?

ஒரு சோதனை போதும். ஐட்லிங்கில் ஹெட்லைட் மங்கி, ஆக்சிலேட்டரை முறுக்கினால் சட்டென்று பிரகாசமானால், பிறகு இன்ஜினை அணைத்து சாவியை மட்டும் திருப்பினால் ஹெட்லைட் எரியவே இல்லை என்றால், அது காயிலிலிருந்து நேராக ஏ.சி.யில் எரிகிறது. நம் ஊரில் ஓடிய 100 சி.சி. வண்டிகள் ஏராளமானவை இப்படித்தான். அவற்றில் பேட்டரி ஹார்னுக்கும் இண்டிகேட்டருக்கும் பிரேக் லைட்டுக்கும் மட்டும். புது பேட்டரி போட்டாலும் ஹெட்லைட்டில் ஒரு மாற்றமும் வராது. இன்ஜின் அணைந்திருக்கும்போதும் எரிந்தால் அது பேட்டரி வழியாக டி.சி.யில் எரிகிறது, அங்கே பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

இந்த ஊர் வெயிலும் கடல் காற்றும்

குளிர் நாடுகளில் பேட்டரி குளிரில் திணறும். இங்கே வெயிலில் தேயும். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதி மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். தகடு அரிப்பதும் அதில் சேர்ந்ததுதான். மே மாதத்தில் வெளியே 40 டிகிரி இருக்கும்போது இன்ஜினை ஒட்டிய பேட்டரிப் பெட்டிக்குள் அதைவிட அதிகம். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டம் பாருங்கள். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும், ஆசிட் ஊற்றக் கூடாது. கேன் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் இல்லை, அதில் உப்பு இருக்கிறது. போர் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ராயபுரம், திருவொற்றியூர், பெசன்ட் நகர் போலக் கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளில் டெர்மினலில் பச்சை பூக்கும், எர்த் போல்ட்டில் துரு ஏறும். மழை வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் கனெக்டருக்குள்ளும் இதே கதை. டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் பாதிக் "பேட்டரி வீக்" புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும். இதைச் செய்யாமல் பேட்டரி மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் டெர்மினலைக் கழற்றிக் காட்டுங்கள் என்று தைரியமாகக் கேட்கலாம்.

மல்டிமீட்டரில் மூன்று அளவு

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். கீழே வரும் எண்கள் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கு. 6 வோல்ட்டுக்குப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

முதலில் வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு. 12.6-க்கு மேல் இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் உடனே சார்ஜ் போட வேண்டும்.

அடுத்து செல்ஃப் அடிக்கும்போது. 10 வோல்ட்டுக்குக் கீழே சரசரவென்று விழுந்தால், அதுவும் முந்தைய அளவு 12.6 காட்டியிருந்தால், பேட்டரி உள்ளுக்குள் போய்விட்டது. அப்போது தாராளமாக மாற்றலாம்.

கடைசியாக இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டைப் போட்டு, நடுத்தர வேகத்துக்கு முறுக்கி. 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. 12.5-ஐத் தாண்டவே இல்லை என்றால் காயில், ஆர்.ஆர். யூனிட், அல்லது இடையில் உள்ள கனெக்டர், மூன்றில் ஒன்று. புது பேட்டரி போட்டாலும் ஒரு வாரத்தில் அதே நிலைதான். 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் போய்விட்டது. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், பல்பும் போகும். பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைகிறது என்பதே இதன் முதல் அறிகுறி.

இந்த மூன்று அளவும் எடுக்க ஐந்து நிமிடம் போதும். எண்களை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்தால் பேச்சே மாறிவிடும்.

புது பேட்டரி வாங்கும்போது

ஆசிட் தனியாக ஊற்றும் பேட்டரி என்றால் கடையில் ஊற்றி உடனே வண்டியில் மாட்டிவிட விடாதீர்கள். ஊற்றி அரை மணி நேரமாவது ஊறவிட்டு, அதன் ஏ.ஹெச்.சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். 5 ஏ.ஹெச். என்றால் அரை ஆம்பியர், சில மணி நேரம். இதைத் தவிர்த்தால் அந்தப் பேட்டரி முழுக் கொள்ளளவுக்கு ஒருநாளும் வராமலே போகலாம். "சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன், சார்ஜ் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது.

பழைய பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுக்கும்போதும் கவனியுங்கள். சில கடைகளில் கார், ஆட்டோ பேட்டரிகளோடு பைக் பேட்டரியையும் ஒரே வரிசையில் கோத்துவிடுவார்கள். அப்படிக் கோத்தால் எல்லாவற்றிலும் ஒரே ஆம்பியர்தான் ஓடும். கார் பேட்டரிக்கு இதமான 4 ஆம்பியர் உங்கள் 5 ஏ.ஹெச். பேட்டரியைக் கொதிக்கவைத்துவிடும். தனியாகப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

டெர்மினல் எந்தப் பக்கம் என்பதைப் பழைய பேட்டரியை எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். மாற்றி இணைத்தால் ஆர்.ஆர். யூனிட் அந்த நொடியே போய்விடலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். லித்தியம் பேட்டரி ஆசை இருந்தால், இன்ஜின் ஓடும்போது 14.5-ஐத் தாண்டவில்லை என்று உறுதி செய்த பிறகே யோசியுங்கள்.

பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் அதன் ஈயத்துக்காக விலையில் குறைத்துக்கொள்வார்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வெறும் டப்பாவை எடுத்துப் போகாதீர்கள். நிமிர்ந்த நிலையில், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, அப்படியே கடையில் கொடுங்கள்.